தண்ணீர் விழாத வரையில்

நான் வேதத்தில், அதாவது கிறிஸ்தவத்தில், சேர்ந்த கதையை எங்கள் சபையில் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். நான் உயிரோடு இருக்கும்போதே சொல்கிறார்கள். ஒரு கதையில் எனக்கு வெளிச்சம் தெரிந்ததாம். இன்னொன்றில் குரல் கேட்டதாம். வெளிச்சம் ஒன்றும் தெரியவில்லை. குரல் கேட்டது உண்மை. ஆனால் அது ஆஸ்பத்திரி ஆயாவின் குரல். அவளுக்குக் கட்டைத் தொண்டை. அதை யாரும் விரும்பிக் கேட்டதில்லை. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். அதனால் மெதுவாகத்தான் எழுதுவேன். அவசரக்காரர்கள் சபைக்காரர்கள் சொல்லும் கதையையே கேட்டுக்கொள்ளட்டும்.

கல்யாணமாகித்தான் நான் திருவனந்தபுரத்துக்கு வந்தேன். புகுந்த வீட்டார் நாஞ்சில்நாட்டு வெள்ளாளர். சாலைக் கடைத்தெருவில் பருப்பு, மல்லி, மிளகாய் மொத்த வியாபாரம். கடைக்குப் பின்சந்தில் வீடு. வந்த மூட்டை முதலில் வீட்டுக்கு வரும். பெண்கள் சுளகில் புடைத்து, சலித்து, கல் பொறுக்கிக் கொடுத்த பிறகுதான் கடைக்குப் போகும். என் சுளகில் விழுந்த பருப்பில் ஒரு பொடிக்கல்லை யாராவது காட்டிவிட்டால் நான் அன்றைக்குச் சாப்பிடமாட்டேன். ஒருநாளும் பட்டினி கிடந்ததில்லை.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாத மனிதர். கல்யாணமான மறு வருஷமே மஞ்சள்காமாலையில் போய்விட்டார். நான் அப்போது வயிற்றுப்பிள்ளைக்காரி. பேறுகாலம் கஷ்டமாகி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். குழந்தை பிறந்தது, அழவில்லை. அதன்பிறகு எனக்குக் காய்ச்சல் கண்டு, அந்த மூலைக் கட்டிலிலேயே கிடந்தேன். மாமியார் வந்து பார்த்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசற்படியில் நின்று, கை கால் எல்லாம் அசைகிறதா என்று நர்ஸிடம் கேட்டாள். அசைகிறது என்றாள் நர்ஸ். மாமியாருக்கு நிம்மதி. திரும்பிப் போய்விட்டாள்.

இனி ஆயா. சபையார் சொல்லும் கதையில் அவளைச் சாந்தமே உருவான புண்ணியவதியாக்கி, வெள்ளைச் சீலையும் கட்டிவிட்டிருக்கிறார்கள். அவள் சீலை என்ன நிறம் என்று அவளுக்கே தெரியாது. தெற்கே வயல்வேலைக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் பக்கத்தில் அந்த மக்கள் நெல்லை அடித்துத் தூற்றிக் கொடுத்துவிட்டு, களத்துக்கு வெளியே போய் நின்றுகொள்ள வேண்டும். இங்கே அவள் தரை துடைப்பாள், நோயாளிகளைத் தூக்கிக் கழுவுவாள், மூக்குப்பொடி போடுவாள், மீதி நேரத்தில் சண்டை போடுவாள்.

விளக்கேற்றும் நேரத்தில் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, வார்டுக் கோடியில் நின்று ஜெபம் பண்ணுவாள். ஜெபம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். முதலில் யாரோ வேலைக்கு வராத ஆளை ஏசுகிறாள் என்றே நினைத்தேன்.

"ஆண்டவரே, கேக்குதா? சன்னலோரத்துக் கெழவிக்கு வயித்துப்போக்கு இன்னும் நிக்கல்ல. என்னைக்கொண்டு இனிமே தூக்க ஒக்காது. நீரு பாத்துக்கிடும். அடுத்த கட்டில்காரிக்க மாப்பிள குடிச்சிட்டு வந்து பிள்ளைக்க பாலைக் கொட்டிட்டுப் போறான். அவனுக்கக் காலை ஒடிச்சாலும் செரி, நல்ல புத்தி கொடுத்தாலும் செரி."

இப்படிக் கட்டில் கட்டிலாக வந்து, ஒருநாள் என் கட்டிலுக்கும் வந்தாள்.

"மூலையில ஒரு வெள்ளாட்டிப் பிள்ளை கெடக்கு. மாப்பிளையும் போயாச்சு, பிள்ளையும் போச்சு. மாமியா வாசப்படியில நின்னதோட செரி, பொறவு வீட்டிலேருந்து ஒரு பட்டி நாயும் எட்டிப் பாக்கல்ல. ஆனா ஆளு அகங்காரியாக்கும் ஆண்டவரே. ஒரு சொட்டுக் கண்ணீரு விடமாட்டா. விட்டா மானம் போயிரும். ஆனாலும் பாவம். நீரு பொறுத்துக்கிடும்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, காய்ச்சலால் அல்ல. முன்பின் தெரியாத ஒருவரிடம், அதுவும் பெரிய இடத்தில், என்னை அகங்காரி என்று சொல்லிவிட்டுப் போகிறாளே! அவர் அதை நம்பிவிட்டால்? போர்வைக்குள்ளே முகத்தை வைத்துக்கொண்டு, என் தரப்பை நானே சொல்ல ஆரம்பித்தேன். ஐயா, அவள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர். நான் அகங்காரி அல்ல. நான் அழாததற்குக் காரணம் உண்டு. அழுவதென்றால் எதிரில் ஒரு ஆள் வேண்டும். எனக்கு யார் இருக்கிறார்கள்? மாமியார் முன்னால் அழுதால், மகனை முழுங்கியவளுக்கு அழுகை என்ன கேடு என்பாள். அண்ணி முன்னால் அழுதால், அண்ணன் வீட்டுக்கு வந்து தங்கிவிடுவேனோ என்று பயப்படுவாள். குழந்தையை யாரும் என் கையில் தரக்கூட இல்லை, அதன் மூக்கு யார் மூக்கு என்று நான் பார்க்கவில்லை...

அந்த மூக்கு வரைக்கும் வந்தபோது தலையணை நனைந்திருந்தது. அழுதுகொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. எதிரில் ஆள் இல்லாமல் நான் அழக்கூடியவள் அல்ல. எனக்கு என்னைத் தெரியும். அப்படியானால் ஆள் இருக்கிறது. எனக்கு விசுவாசம் வந்தது இவ்வளவுதான். போதகர்கள் இதை ஒருமணி நேரம் சொல்கிறார்கள்.

மறுநாள் ஆயாவைப் பிடித்துக்கொண்டேன். "என்னை அகங்காரி என்று ஏன் சொன்னாய்?"

"பின்னே, அவருக்க முன்னால பொய்யா சொல்ல ஒக்கும்?" என்றாள். "உன்னைக் கண்டா அவருக்கே தெரியாதா பிள்ளே? காலைப் பொக்கி மேல வை, தரை துடைக்கணும்."

வீட்டுக்கு வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, ஆயாவோடு தமிழ் ஆராதனைக்குப் போய் வந்தேன். மூத்த மைத்துனரின் பெண்டாட்டி, என் ஓரகத்தி, ஒருநாள் அதைப் பார்த்துவிட்டாள். நான் சாப்பிட்டேனா என்று ஒரு வருஷமாகக் கேட்காத வீடு, அன்றைக்கு என் ஆத்துமாவைப் பற்றிப் பேச விளக்கு வைத்துக் கூடியது.

"தீட்டு, தீட்டு! இனி இவ தொட்டதை யாரு தொடுகது?" என்று மாமியார் தலையில் கை வைத்தாள்.

"அப்பம் அந்த மூட்டையை எல்லாம் யாரு புடைக்கது?" என்று கேட்டாள் ஓரகத்தி. அவளுக்கு மிளகாய் நெடி ஆகாது.

கூடத்தில் மிளகாய் மூட்டைகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. மாமனார் அவற்றைப் பார்த்தார். சாஸ்திரம் தெரிந்த மனிதர்.

"உலர்ந்த சாமானுக்குத் தீட்டு கெடையாது," என்றார். "வண்டிக்காரன் தொடுகான், சுமட்டுக்காரன் தொடுகான், அதையெல்லாம் நாம பாக்கோமா? தண்ணி பட்டாத்தான் தீட்டு. அவ கெணத்துப் பக்கம் போகாண்டாம், அடுப்புப் பக்கம் போகாண்டாம். சுளகைத் தொடலாம்."

"அப்படியானா, மனசும் உலர்ந்த சாமான்தானே அப்பா," என்றார் மூத்த மைத்துனர். கடைக் கணக்கெல்லாம் அவர்தான். "உள்ள எதையாவது நம்பிட்டு இருக்கட்டும். தலையில தண்ணி தெளிச்சாத்தானே வேதக்காரி?"

எல்லாருக்கும் மூச்சு வந்தது. மாமியார் தீர்ப்பைச் சொன்னாள்: "ஏட்டி, மனசுக்குள்ள எந்தச் சாமியை வேணும்னாலும் வெச்சுக்கோ. தலையில தண்ணி விழப்பிடாது. விழுந்துச்சோ, இந்த நடை ஏறப்பிடாது, சொல்லிட்டேன்."

அது எல்லைத் தகராறு நடந்துகொண்டிருந்த காலம். நாஞ்சில்நாடு மதராசோடு சேர வேண்டும் என்று மாமனார் கடை வாசலில் நின்று முழங்குவார். வயல் எல்லாம் அங்கே இருந்தது. கடை மட்டும் இங்கேயே இருக்க வேண்டும். ஒரு மனுஷர் இரண்டு ராஜ்யத்தில் இருக்கலாம், ஒரு மருமகள் இரண்டு சாமியைக் கும்பிடக் கூடாது. அவரிடம் இதை நான் சொல்லவில்லை. சுளகைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

சபைக்காரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஓரவஞ்சனை ஆகிவிடும். முதலில் நான் ஆயாவோடு பின்னால் பாயில் இருந்தேன். பெஞ்சு எல்லாம் முன்னால், பின்னால் பாய். எந்தப் பெஞ்சுக்கு யார், பாய்க்கு யார் என்று எங்கும் எழுதி ஒட்டவில்லை. எல்லாருக்கும் தெரியும். ஒருநாள் போதகரம்மா என்னிடம் வந்து, "எந்த ஊரு, எந்த ஆளுக?" என்று விசாரித்தாள். சொன்னேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! அடுத்த ஞாயிற்றுக்கிழமை முன்பெஞ்சில், ரிட்டையர்டு தாசில்தாரின் மனைவி தாசில்தாரம்மா பக்கத்தில் எனக்கு இடம். ஆண்டவருக்கு முன்னால் மேல் கீழ் இல்லை என்று போதகர் அன்றைக்குத்தான் பிரசங்கம் பண்ணினார். முன்பெஞ்சில் இருந்ததால் நன்றாகக் காதில் விழுந்தது.

ஆராதனை முடிந்ததும் தாசில்தாரம்மா என் காதோடு, "நாங்களும் ஆதியிலே வெள்ளாளர்தான், கேட்டியா?" என்றாள். அதற்கடுத்த அம்மாளும் அப்படியே சொன்னாள். முன்பெஞ்சு முழுக்க ஆதியில் வெள்ளாளர். எல்லாரையும் கூட்டினால் எங்கள் ஊரில் நெற்பயிரைவிட ஆள் அதிகமாக நின்றிருப்பார்கள்.

எனக்கு ஞானஸ்நானம் கொடுக்க அத்தியட்சரே, அதாவது பிஷப்பே, வருகிறார் என்று முடிவாயிற்று. சும்மா ஒருத்திக்கு அத்தியட்சர் வருவாரா? சாலைக் கடை வீட்டு மருமகளுக்கு வருவார். எங்கள் சபையில் ஒரு வழக்கம். வளர்ந்த ஆள் ஞானஸ்நானம் எடுக்கும்போது, பக்கத்தில் சபையார் ஒருவர் சாட்சியாக நிற்க வேண்டும். "இவளை அறிந்தவர் யார்?" என்று கேட்டால், "நான்" என்று சொல்ல வேண்டும். சபைக் கமிட்டியார் தாசில்தாரம்மாவைச் சாட்சியாக எழுதிவிட்டார்கள். அந்த அம்மாளுக்கு என் பெயர்கூடச் சரியாக வாயில் வராது.

"எனக்கு ஆயாதான் நிற்க வேண்டும்," என்றேன் போதகரிடம்.

போதகர் நல்ல மனிதர், பயந்த மனிதர். கமிட்டியில் சொன்னார். ரிட்டையர்டு தாசில்தார், வாயில் இருந்த வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, "அவ மூக்குப்பொடி போடுகிறவ. போதை வஸ்து. சாட்சிக்கு ஆகாது," என்றார்.

"அப்படியானால் இப்போதைக்கு எனக்கு ஞானஸ்நானம் வேண்டாம்," என்று சொல்லிவிட்டு வந்தேன். என்னைத் தெரிந்த ஒரே ஆளை வெளியே நிறுத்திவிட்டு, தெரியாத ஆளைக்கொண்டு "நான் அறிவேன்" என்று ஆண்டவர் சந்நிதியில் பொய் சொல்லவைத்து, அதிலே எனக்குப் புது வாழ்வா? வாங்கின சாமானில் முதலிலேயே கலப்படமா?

சபையில் துக்கம். எங்கள் வீட்டில் கொண்டாட்டம். மாமியார் கிழக்கேகோட்டைக்குப் போய்ச் சாமிக்கு நெய்விளக்கு வைத்துவிட்டு, வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்: "நம்ம பிள்ளை இன்னும் உலர்ந்துதான் இருக்கா."

இதெல்லாம் கேட்டு ஆயா சந்தோஷப்படுவாள் என்று நினைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். துணி அலசிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"நான் உனக்கிட்டக் கேட்டேனா?" என்றாள்.

"உனக்காகத்தானே..."

"எனக்காகவா? நீ முன்னால பெஞ்சில இருப்பே. அங்கேருந்து என்னைக் கூப்பிடுவே. நான் பாயிலேருந்து எழும்பி, அத்தனை பேருக்க எடையிலயும் நடந்து வரணும். பாக்கிறவ என்ன சொல்லுவா? 'ஆகா, அந்த வெள்ளாட்டிப் பிள்ளைக்கு எம்பிடு நல்ல மனசு'ன்னு சொல்லுவா. எனக்கு அந்தச் சோலி வேண்டாம் பிள்ளே. போ, சோப்பு கண்ணில தெறிக்கும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவளுக்காக ஒரு அத்தியட்சரையே நிறுத்தி வைத்திருக்கிறேன், இவள் சோப்பைப் பற்றிப் பேசுகிறாள்! இரண்டு ஞாயிறு ஆராதனைக்கே போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து மல்லி புடைத்தேன். மல்லிதான் பாவம்.

மூன்றாவது ஞாயிறு போனேன். முன்பெஞ்சில் தாசில்தாரம்மா நகர்ந்து இடம் விட்டாள். நான் நிற்கவில்லை. நேரே பின்னால் போய்ப் பாயில், ஆயா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கொஞ்சம்தான் நகர்ந்தாள்.

"பைய இரி, பாய் கிழியும்," என்றாள்.

"ஞானஸ்நானத்துக்கு இங்கிருந்தே எழுந்து போனால் என்கூட வருவாயா?"

அவள் ஒரு சிட்டிகை பொடியை உறிஞ்சினாள். முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். "ரெண்டுபேரும் ஒரே இடத்திலேருந்து எழும்பினா, அப்பம் பாக்கலாம்," என்றாள்.

அதன்பிறகு நான் பாயைவிட்டு அசையவில்லை. ஒவ்வொரு வாரமும் முன்பெஞ்சுக்காரர்கள் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பிரசங்கத்தைக் கேட்பாரில்லாமல் போயிற்று. கடைசியில் போதகருக்கே பொறுக்கவில்லை. சாட்சி சபையாராக இருக்க வேண்டும் என்றுதான் விதி, சாட்சியின் மூக்கில் என்ன இருக்கிறது என்று விதியில் இல்லை என்று கமிட்டியில் சொல்லிவிட்டார். அவர் தைரியமாகப் பேசி நான் கேள்விப்பட்டது அதுதான்.

ஞானஸ்நான நாளன்று காலையில், மாமியாரிடம் மறைக்காமல் சொன்னேன். "அத்தை, இன்னைக்கு எனக்குத் தண்ணி தெளிக்கப் போறாங்க." அவள் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பாயிலிருந்து இரண்டு பேரும் எழுந்து நடந்தோம். அத்தியட்சர் நெட்டையான மனிதர். குனிந்து எங்களைப் பார்த்தார். "இவளை அறிந்தவர் யார்?"

"நானாக்கும்," என்றாள் ஆயா. அந்தக் கட்டைத் தொண்டை தெருவரைக்கும் கேட்டிருக்கும். 'நான்' என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று போதகர் ஒருவாரம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "எனக்கு நல்லாத் தெரியும். கொடும் பிடிவாதக்காரி. ஆனா சொன்னாச் சொன்னதுதான், பின்வாங்கமாட்டா."

பாய்ப் பக்கத்தில் சிரிப்பு. அத்தியட்சர் கையால் அள்ளி என் தலையில் விட்டார். குளிர்ந்த தண்ணீர் கழுத்து வழியாக ரவிக்கைக்குள் இறங்கியது. எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுக்காரர் போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

உடுப்புப் பெட்டியை எடுக்க வீட்டுப் பின்வாசலுக்குப் போனேன். வெளியே வீசியிருப்பார்கள் என்று நினைத்தேன். வீசவில்லை. மாமனார், மாமியார், மைத்துனர், ஓரகத்தி, எல்லாரும் பின்வாசலில் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் அன்று காலையில் வந்து இறங்கிய துவரம்பருப்பு மூட்டைகள்.

"எம்பிடு தண்ணிட்டி?" என்றாள் மாமியார். "குளத்துல முக்கினாங்களா, தெளிச்சாங்களா?"

"கையால அள்ளி விட்டாங்க."

"அள்ளித்தானே?" என்றார் மைத்துனர். "ஒரு உள்ளங்கைத் தண்ணி. சாரல்ல நனைஞ்சா இதைவிடக் கூடுதல் நனையும்."

மாமனார் வானத்தைப் பார்த்தார். மழை மூட்டமாகத்தான் இருந்தது. "சாரல்ல நனைஞ்சு வந்தவளை யாரும் நடையில நிறுத்த மாட்டாங்க," என்றார். "அக்கம்பக்கத்துல கேட்டா, மழையில நனைஞ்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. வேற ஒண்ணும் வேண்டாம். உள்ள வா."

மாமியார் ஒரு துவர்த்துத் துண்டை நீட்டினாள். "தலையைத் துவட்டு முதல்ல. காய்ச்சல் வந்து கெடந்த உடம்பு."

அதுதான் எனக்குக் கஷ்டமாகப் போயிற்று. ஏசியிருந்தால் எளிதாகப் போயிருப்பேன். அந்தத் துவர்த்து நல்ல துவர்த்து, என் வீட்டுக்காரருடையது. ஒரு வார்த்தை. பெரிய பொய்கூட இல்லை. எனக்குப் போக வேறு இடமும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் மதிலுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"மழையில்ல அத்தை," என்றேன், மதிலுக்கு அந்தப்பக்கமும் கேட்கும்படியாக. "ஞானஸ்நானம்."

மாமியார் துவர்த்தை மடித்தாள். நன்றாக, விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்தாள். ஓரகத்தி என் பெட்டியைக் கொண்டுவந்து வெளியே வைத்தாள். வைத்துவிட்டு மூட்டைகளைப் பார்த்து அழுதாள். எனக்காகவும் கொஞ்சம் அழுதிருப்பாள், இல்லையென்று சொல்லமாட்டேன்.

சபையார் சொல்லும் கதை இங்கே முடிந்துவிடும். முன்பெஞ்சு என்னை இரு கை நீட்டி வரவேற்றதாக முடியும். உண்மையில், தாசில்தாரம்மா வீட்டில் அன்றைக்கு விருந்தாளிகளாம். போதகர் வீட்டில் இடம் சின்னது. பெட்டியோடு நான் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த ஆயாவின் அறைக்குப் போனேன்.

அவள் கதவைத் திறந்து, பெட்டியைப் பார்த்தாள். "இதை எங்கே வெக்கது? எனக்கே கால் நீட்ட இடமில்ல," என்றாள். கொஞ்ச நேரம் ஆண்டவரிடமும் முறையிட்டாள், இந்த அறை எவ்வளவு சின்னது என்று அவருக்குத் தெரியாதா என்று. பிறகு பெட்டியை அவளே தூக்கி உள்ளே வைத்தாள். அவித்த மரச்சீனிக்கிழங்கை ஒரு தட்டில் போட்டு, பக்கத்தில் மீன்குழம்பை ஊற்றப் போனாள். நான் கையால் தட்டை மறைத்தேன்.

"என்ன பிள்ளே? வேதத்தில சேந்தாச்சு. இனியும் சைவமா?"

"மீன் சாப்பிட வேண்டும் என்று அத்தியட்சர் ஒன்றும் கேட்கவில்லையே," என்றேன்.

"அது செரிதான்," என்று அவள் யோசித்தாள். "நாளைக்கும் தின்னமாட்டியா?"

"என்றைக்கும் தின்னமாட்டேன்."

"அப்பம் நீ இங்கே இருக்கலாம்," என்று சொல்லி, மீன்துண்டு எல்லாவற்றையும் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.